மௌத்தானவர் எப்படி வந்தார்?



சென்ற டிசம்பர் விடுமுறையில் பெரகலையில் இருக்கும் என் ராத்தா வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தேன். பலாங்கொடை, ஹல்துமுல்லை வழியாக ஏறி வரும் கொழும்புப் பாதையிலிருந்து ஹப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம் போகும் பாதை பிரிகிற சந்திதான் பெரகல. வெயில் அடிக்கும் நாளில் தெற்கே தாழ்நிலம் பாய் விரித்தாற்போல் தெரியும். பிற்பகலில் மூடுபனி ஏறிவிட்டாலோ எதிர்வீட்டுச் சுவர்கூடத் தெரியாது. அந்தக் குளிரில் மாலைப் பொழுதைப் போக்க அந்த வீட்டில் ஒரு நல்ல வழக்கம் வைத்திருக்கிறார்கள். அதுதான் கதை கேட்பது.

கதை சொல்பவள் ராத்தாவின் மகள். உயர்தரம் படிக்கிறாள். ஆங்கிலத்துக்காக வாரத்தில் இரண்டு நாள் பண்டாரவளைக்கு டியூஷன் போய் வருகிறாள். பகலில் ஓர் ஆங்கில நாவலில் நாற்பது, ஐம்பது பக்கம் படித்துக்கொள்வாள். மஃரிபுக்குப் பிறகு அடுப்படியில் எல்லோரும் கூடியதும், அதைத் தமிழில் சொல்வாள். ராத்தா இடியப்பத்துக்கு மாவு குழைப்பார். மாமி தையலை எடுத்துக்கொள்வார். எங்கள் உம்மா போர்வைக்குள் கையை வைத்துக்கொண்டு கேட்பார். பக்கத்துத் தோட்டத்துப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவரும் அனேகமாக வந்துவிடுவார்.

நான் போவதற்கு முன்பே 'ஜுராஸிக் பார்க்' நாவலைச் சொல்லி முடித்திருந்தாள். மைக்கல் கிரைட்டன் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1990இல் வெளியிட்ட நாவல் அது. மரப்பிசினில் அகப்பட்டுக் கல்லாகிப்போன பழங்காலத்து நுளம்பின் வயிற்றிலிருந்து டைனோசரின் இரத்தத்தை எடுத்து, அதைக்கொண்டு அந்த மிருகத்தையே மறுபடி உண்டாக்கிக் காட்சிச்சாலை வைக்கிறான் ஒரு பணக்காரன். 'நீ நினைக்கிறபடி இவற்றைக் கட்டி வைக்க முடியாது' என்று எச்சரிக்கிறார் இயன் மல்கம் என்ற கணித அறிஞர். அவர் சொன்னபடியே எல்லாம் நடந்து, கடைசியில் அந்தப் பணக்காரனும் இறக்கிறான், எச்சரித்த மல்கமும் காயம்பட்டு இறந்துபோகிறார். நம் உம்மா மல்கமுக்காக மிகவும் கவலைப்பட்டாராம். 'நல்லதைச் சொன்ன மனிசன்தான் முதல்ல போறான்' என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

நான் போய்ச் சேர்ந்த அன்று இரண்டாவது நாவல் தொடங்கியது. 1995இல் வந்த 'த லொஸ்ட் வேர்ல்ட்', அதாவது தொலைந்த உலகம். பிள்ளை முதல் அத்தியாயங்களைச் சொல்லிக்கொண்டு வந்தாள். மேடையில் ஒருவர் ஊன்றுகோலோடு நின்று பேசுகிறார், அவர் பெயர் இயன் மல்கம் என்றாள்.

உம்மா போர்வையை விலக்கினார். "மகள், நீங்கதானே அண்டைக்கு அந்த மனிசன் மௌத்தாகிட்டார் எண்டு சொன்னீங்க?"

"ஓம் உம்மம்மா. அந்தப் புத்தகத்தில அப்படித்தான் இருந்திச்சு. இதில உயிரோட வாறார்."

"மௌத்தானவர் எப்படி வருவார்?"

இந்த நேரம் பார்த்து அவளுடைய தம்பிக்காரன் உள்ளே வந்தான். அவன் டைனோசர் படம் ஒன்றையும் விட்டவனல்ல. "மல்கம் சாகவே இல்ல உம்மம்மா! படத்தில கடைசியா ஹெலிகொப்டர்ல ஏறிப் போறார். ராத்தாக்கு இங்கிலிஷ் விளங்கல்ல. சும்மா கட்டிச் சொல்லீக்கிறாங்க" என்று சொல்லிவிட்டான்.

சிறுவன் வாயில் வந்த வார்த்தைதான். ஆனால் அது விழுந்த இடம் பொல்லாத இடம். ராத்தா மாவு குழைப்பதை நிறுத்திவிட்டார். "இவ்வளவு காசைக் கட்டி, இந்தப் பனியில பஸ் ஏத்தி அனுப்புறது இதுக்குத்தானா?" என்று கேட்டுவிட்டார். பிள்ளை ஒரு வார்த்தை பேசவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். மறுநாளும் கதை இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. டியூஷனை நிறுத்துவது பற்றி ராத்தா என்னிடம் மெல்லப் பேச்செடுத்தார். சகோதரிகளே, ஒரு கதாபாத்திரம் பிழைத்ததற்கும் ஒரு பிள்ளையின் படிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? எங்கள் வீட்டில் சம்பந்தம் வந்துவிட்டது!

மூன்றாம் நாள் டீச்சர் வந்தபோது உம்மாதான் அதைத் தீர்த்து வைத்தார். "குற்றம் சாட்ட முதல்ல சாட்சியைப் பார்க்க வேணாமா? ரெண்டு புத்தகத்தையும் கொண்டாங்க மகள். டீச்சர் வாசிக்கட்டும்" என்றார். டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் நாவலின் கடைசிப் பக்கங்களைப் பார்த்தார். மல்கம் இறந்த செய்தி அங்கே இருந்தது. அவரை அடக்கம் செய்ய அந்நாட்டு அரசாங்கம் இன்னும் அனுமதி கொடுக்கவில்லை என்பது வரை எழுதியிருந்தது. இரண்டாவது நாவலில், இறந்துவிட்டார் என்று வந்த செய்தி பிழை, வைத்தியர்கள் காப்பாற்றிவிட்டார்கள் என்ற மாதிரிச் சமாதானம் இருந்தது. தம்பிக்காரன் சொன்னதும் பொய்யல்ல. 1993இல் ஸ்டீவன் ஸ்பில்பேர்க் எடுத்த படத்தில் மல்கம் பிழைத்துக்கொள்கிறார்தான். ஆக, பிள்ளை சொன்னது உண்மை, தம்பி பார்த்ததும் உண்மை. முன்பு எழுதியதை மாற்றியவர் ஆசிரியர்!

ராத்தா மகளைப் பார்த்தார். மன்னிப்பு என்று வாயால் ஒன்றும் கேட்கவில்லை. நம் வீடுகளில் தாய்மார் அப்படிக் கேட்பதும் குறைவு. "பிளேன்டீ குடிச்சிட்டு மிச்சத்தைச் சொல்லுங்க மகள்" என்றார். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. டியூஷன் பேச்சும் அதோடு போயிற்று.

எழுதியவர் ஏன் மாற்றினார்?

முதல் நாவலும் படமும் உலகமெங்கும் புகழ் பெற்றதும், தொடர்ச்சி எப்போது என்று வாசகர்கள் கேட்டார்கள், படக்காரர்களும் கேட்டார்கள். கிரைட்டன் அதற்கு முன் எந்த நாவலுக்கும் இரண்டாம் பாகம் எழுதியவரல்ல. எழுத உட்கார்ந்தபோது, நடப்பதைப் பார்த்துக் கிண்டலாகவும் ஆழமாகவும் கருத்துச் சொல்ல ஒருவர் தேவைப்பட்டார். அந்த ஒருவரைத்தான் முதல் நாவலில் சாகடித்துவிட்டாரே! ஆகவே திருப்பி எழுப்பினார்.

இதற்கு முன்மாதிரியும் உண்டு. ஷெர்லொக் ஹோம்ஸ் என்ற துப்பறிவாளரைப் படைத்த ஆர்தர் கொனன் டொயில், எழுதி அலுத்துப்போய் 1893இல் அவரை நீர்வீழ்ச்சியில் விழுந்து இறந்ததாக முடித்தார். வாசகர்கள் விடவில்லை. பத்து வருடம் கழித்து, 1903இல், ஹோம்ஸ் அன்று விழவேயில்லை என்று எழுதி அவரை உயிரோடு கொண்டுவந்தார். 1912இல் டைனோசர்கள் உயிர்வாழும் மலையைப் பற்றி ஒரு நாவலும் எழுதினார். அதன் பெயரும் 'த லொஸ்ட் வேர்ல்ட்'தான். கிரைட்டன் தலைப்பையும் அவரிடமிருந்தே எடுத்துக்கொண்டார்.

இதைக் கேட்ட டீச்சர், "எங்கட கல்கிக்கு நடந்ததும் இதுதானே" என்றார். 1950இல் தொடங்கி 1954 வரை வாரந்தோறும் வந்த 'பொன்னியின் செல்வன்' முடிந்தபோது, திடீரென்று முடித்துவிட்டீர்களே, இன்னாருக்கு என்ன ஆயிற்று என்று வாசகர்கள் கேட்டார்கள். கல்கி ஒரு முடிவுரை எழுதி விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் இரண்டாம் பாகம் எழுதவில்லை. அந்த வருட இறுதியிலேயே காலமாகிவிட்டார். ஆனால் சுஜாதா எழுதினார். 'என் இனிய இயந்திரா'வில் வந்த ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டி வாசகர் மனதில் ஒட்டிக்கொண்டதால் 'மீண்டும் ஜீனோ' வந்தது. ஆக, இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்கும் ஆசை அமெரிக்காவுக்கு மட்டும் சொந்தமானதல்ல.

அடுப்படியில் நடந்த வழக்கு

மீதிக் கதை ஐந்து மாலையில் முடிந்தது. சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் தீவில் இருந்தது காட்சிச்சாலை மாத்திரம். மிருகங்களைப் பொரிக்க வைத்த தொழிற்சாலை வேறொரு தீவில் இருந்தது. அது கைவிடப்பட்டு, மிருகங்கள் தாமாகவே பெருகிக் கிடக்கின்றன. ஓர் ஆராய்ச்சியாளர் அங்கே அகப்பட்டுக்கொள்ள, அவரைத் தேடி மல்கமும் சிலரும் போகிறார்கள். இரண்டு பாடசாலைப் பிள்ளைகள் வாகனத்தில் ஒளிந்து கூடவே போய்விடுகிறார்கள். முட்டை திருட இன்னொரு கூட்டமும் வருகிறது.

கதை முடிந்த இரவு ஒவ்வொருவரும் தீர்ப்புச் சொன்னார்கள். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை.

மாமிக்கு இரண்டாவதுதான் பிடித்தது. காரணம் சாரா ஹார்டிங் என்ற பெண். ஆபிரிக்காவில் காட்டு மிருகங்களை ஆராய்கிறவள். ஆண்கள் கலங்கி நிற்கும்போது மோட்டார் சைக்கிளில் போய்ப் பிள்ளையை மீட்கிறாள். கெலி என்ற பதின்மூன்று வயதுப் பிள்ளை, கணக்கு பெண்பிள்ளைகளுக்கு வராது என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டுத் தன்மேல் நம்பிக்கை குறைந்தவள். அவளுக்குச் சாரா தைரியம் சொல்கிறாள். "முதல் கதையில பொம்பிளைகளுக்கு இவ்வளவு வேலை இருக்கல்ல" என்றார் மாமி.

ராத்தாவின் மனதில் நின்றது ஒரு குட்டியின் கதை. டிரனோசோரஸ் என்ற பெரிய மிருகத்தின் குட்டி கால் முறிந்து கிடக்க, இரக்கப்பட்ட ஒருவர் அதை வண்டிக்குள் கொண்டுவந்து கட்டுப் போடுகிறார். தாயும் தந்தையும் தேடி வந்துவிடுகின்றன. அதன் பிறகு அந்த வண்டி பட்ட பாட்டைக் கேட்டு ராத்தா பயப்படவில்லை. "பெத்த மனசு, என்ன செய்யும்?" என்றார்.

டீச்சர் ஏற்றுக்கொள்ளவேயில்லை. "செத்தவரை எழுப்பினா, இனி இந்த ஆசிரியர் யாரைச் சாகடிச்சாலும் நான் அழ மாட்டன்" என்று கூறிவிட்டார். அதில் நியாயம் இருக்கிறது. வாசகர் கண்ணீரை வாங்கிக்கொண்டு, பிறகு அது தேவையில்லை என்று சொல்வது ஒருவகை ஏமாற்றுத்தானே!

தம்பிக்காரனுக்கு நாவல் சப்பென்றிருந்தது. 1997இல் வந்த படத்தில் டிரனோசோரஸைக் கப்பலில் கொண்டுவர, அது சான் டியாகோ நகரத்துக்குள் இறங்கி அட்டகாசம் செய்கிறது. நாவலில் அந்தக் காட்சியே இல்லை. படத்தில் கெலி மல்கமின் மகள். நாவலில் அப்படியில்லை. "பேர் மட்டும்தான் ஒண்டு, கதை வேற" என்று முறைப்பட்டான். அவனுக்கு இன்னுமொரு ஏமாற்றம் காத்திருந்தது. கதையிலும் படத்திலும் ஆள் உயரத்துக்குப் பாய்கிற வெலோசிராப்டர் என்ற மிருகம் உண்மையில் ஒரு வான்கோழி அளவுதான். 2007இல் அதன் முன்கை எலும்பில் இறகு பொருந்தியிருந்த அடையாளங்களையும் கண்டுபிடித்தார்கள். "கோழியா?" என்று கேட்டு அரை மணி நேரம் பேசாமல் இருந்தான்.

உம்மா என்ன சொன்னார் தெரியுமா? மல்கம் திரும்பி வந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்த வெலோசிராப்டர்களைப் பற்றி நாவலில் ஒரு விளக்கம் வருகிறது. அவை ஆய்வுகூடத்தில் பிறந்தவை. வளர்த்துக் காட்டப் பெரியவை இல்லை. எப்படிக் கூடி வாழ்வது, குஞ்சை எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுக்க ஆளில்லை. ஆகவே கூடும் குப்பை, தங்களுக்குள்ளும் கடி. பக்கத்திலேயே டிரனோசோரஸ் சோடி குஞ்சை அருமையாக வளர்க்கிறது. "இதுக்காகவே இந்தக் கதையைக் கேட்கலாம். மாடியும் காரும் குடுத்துப் பிள்ளையைத் தனிய விடுற ஆக்களுக்கு இதைச் சொல்லோணும்" என்றார்.

கடைசியில் கதை சொன்னவளையே கேட்டோம். கொஞ்சம் யோசித்தாள். "முதல் புத்தகம் படிக்கிற நேரம், இது நடக்கக்கூடாது எண்டு பயந்தேன். ரெண்டாவதில என்ன நடக்கும் எண்டு முன்னாலேயே விளங்குது. திரும்ப ஓட்டம், திரும்ப ஒளிப்பு. எனக்கு முதல்தான் சாச்சி. ஆனா அந்த வருத்தம் பத்தின இடம் நல்லம்" என்றாள்.

அவள் சொன்ன இடம் இதுதான். தீவிலுள்ள மிருகங்கள் வயது போவதற்குள் இறந்துபோகின்றன. ஆரம்பத்தில் அவற்றுக்கு அரைத்த ஆட்டிறைச்சியைத் தீனியாகக் கொடுத்ததால் ஒரு நோய் தொற்றி, தீவு முழுவதும் பரவிவிட்டது. இது வெறும் கற்பனை அல்ல. பிரித்தானியாவில் 1986இல் இனங்காணப்பட்ட மாட்டுப் பைத்திய நோய், கால்நடைகளின் இறைச்சியையும் எலும்பையும் அரைத்து மாடுகளுக்கே தீனியாகப் போட்டதால் பரவியது. அது மனிதருக்கும் வந்திருக்கக்கூடும் என்று அந்நாட்டு அரசாங்கம் 1996 மார்ச்சில்தான் அறிவித்தது. நாவல் வந்தது அதற்கு முந்திய வருடம்! புல் தின்னும் பிராணிக்குப் புல்லைக் கொடாமல் லாபத்துக்காக வேறெதையோ கொடுத்தால் என்னவாகும் என்று ஓர் உயர்தர மாணவி கதைக்குள்ளிருந்து பிடித்துவிட்டாள். இவளுக்கா ஆங்கிலம் விளங்கவில்லை?

நம் பக்கத்தில் இருந்தனவா?

"இதெல்லாம் நம்மட பக்கத்திலயும் இருந்திச்சா?" என்று உம்மா கேட்டார். ஊவா மலைகளின் பாறைகள் டைனோசர் காலத்துக்கு மிக மிக முந்தியவை. பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறியவை. அவற்றில் டைனோசர் எலும்பு கிடைக்காது. புத்தளம் பக்கம் தப்போவையில் ஜுராசிக் காலத்துப் படிவுகள் இருக்கின்றன. அங்கே கிடைத்திருப்பவை செடிகொடிகளின் அச்சு. தமிழ்நாட்டில் அரியலூர்ப் பக்கம் எலும்புகள் கிடைத்துள்ளன. குஜராத்தில் பாலாசினோருக்கு அருகே ராய்யோலி என்ற ஊரில் 1980களின் தொடக்கத்தில் எலும்புகளும் முட்டைகளும் ஏராளமாக வெளிப்பட்டன. அங்கே கிடைத்த எலும்புகளைக்கொண்டு 2003இல் ஓர் ஊனுண்ணிக்கு ராஜாசோரஸ் என்று பெயரும் வைத்தார்கள்.

அந்த ராய்யோலி பற்றி ஒரு செய்தி சொன்னபோது மாமி தையலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். பாலாசினோர் முன்னாள் நவாப் குடும்பத்தைச் சேர்ந்த ஆலியா சுல்தானா பாபி என்ற முஸ்லிம் பெண்மணிதான் அந்த இடத்தைப் பாதுகாக்கப் பல ஆண்டுகளாகப் பாடுபட்டு வருகிறார். எலும்பையும் முட்டையையும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள் என்று ஊராருக்கும் வருகிறவர்களுக்கும் எடுத்துச் சொல்கிறார். வருகிறவர்களுக்குத் தாமே நடந்து விளக்கம் கொடுக்கிறார். பட்டம் பெற்ற விஞ்ஞானிகளிடம் கேட்டும் புத்தகங்களைப் படித்தும் கற்றுக்கொண்டவர். கதையில் வரும் சாராவை மெச்சினோம். நம்மில் ஒருவர் நிசத்தில் இருக்கிறார்.

அப்படியானால் கதையில் வருவது போல டைனோசரை மறுபடி உண்டாக்கலாமா? முடியாது என்பதே இன்றைய அறிவு. உயிரின் குறிப்புகளைச் சுமக்கும் டி.என்.ஏ. என்ற பொருள் காலம் போகப்போகச் சிதைந்துவிடும். இதுவரை மனிதர் படித்தெடுத்த ஆகப் பழைய டி.என்.ஏ., கிரீன்லாந்து மண்ணிலிருந்து 2022இல் அறிவிக்கப்பட்டது, சுமார் 20 இலட்சம் ஆண்டு பழையது. டைனோசர்கள் மறைந்தோ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகள் ஆகின்றன. நாவலாசிரியர் மல்கமை எழுப்பலாம். பிசினிலிருந்து டைனோசரை எழுப்ப வழியில்லை.

தாய்மாருக்கு ஒரு வார்த்தை

இந்த இரண்டு நாவல்களிலும் கோரமான சாவுகள் உண்டு. சின்னப் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம். பதினைந்து, பதினாறு வயதுக்கு மேல் பரவாயில்லை. படித்துவிட்டு உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். அப்போது அவர்கள் என்ன படிக்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். ஓர் அந்நிய மொழிக் கதையைத் தாய்க்குத் தமிழில் சொல்ல முயல்வது போன்ற மொழிப் பயிற்சி வேறில்லை.

இரண்டாம் பாகம் நன்றாயிருக்கிறதா என்று கேட்டால், என் பதில்: முதலாவதுதான் மேல், ஆனாலும் இரண்டாவது வீணல்ல. என் தீர்ப்பு பெரிதுமல்ல. ஒரே கதையை ஒரே அடுப்படியில் கேட்ட ஆறு பேர் ஆறு விதமாகச் சொன்னார்கள். ஒவ்வொருவரும் காரணம் சொன்னார்கள். காரணம் சொல்ல முடிந்தவரை பிடிக்கவில்லை என்பதும் நல்ல வாசிப்புத்தான்.

பிள்ளை வந்து ஒரு விஷயத்தைச் சொல்லும்போது, அது நாம் அறிந்ததற்கு மாறாக இருந்தால், பொய் என்று உடனே வாயை அடைத்துவிடாதீர்கள். புத்தகத்தைத் திறந்து பாருங்கள். அன்று எங்கள் உம்மா மட்டும் அதைக் கேட்டிராவிட்டால், பெரகலையில் ஒரு பிள்ளை வாசிப்பதை விட்டிருப்பாள். வீட்டில் யாரும் அதைக் கவனித்திருக்கவும் மாட்டோம்.

நான் திரும்பி வரும் காலை மூடுபனியில் பஸ்ஸுக்கு நின்றபோது பிள்ளை வந்து காதோடு சொன்னாள்: "சாச்சி, உம்மா அடுத்த புத்தகம் என்னெண்டு கேட்டாங்க." எனக்கு அந்தக் குளிரிலும் மனம் குளிர்ந்தது.

உங்கள் வீட்டு அடுப்படியில் இப்போது என்ன கதை நடக்கிறது? எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.